கிழக்கே பார்த்து நின்ற லாரி

அந்த லாரியை எனக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. வண்டியில் குறை ஒன்றுமில்லை. பழைய வண்டிதான் என்றாலும் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அது சரிவில் நின்றது. மூஞ்சி பள்ளத்தைப் பார்த்திருந்தது. அந்த மூஞ்சிக்கு நேர் முன்னால், அதன் மேல் கை வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரமாவது நின்றாகவேண்டும்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட வெளியே போகவேண்டும். சேலத்தில் என் அத்தா, என்னைப் பெற்றவர், வைத்திருந்த சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தவரைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். பெயின்ட் எழுத்து போய் ரேடியம் ஸ்டிக்கர் வந்த சமயம். மலைமேல் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டுக் குடிவந்துவிட்டோம்.

நான் பிளேடால் வெட்டுவேன், அவர் ஒட்டுவார். என் கைக்கு வெட்டு நேராக வரும். ஒட்டச் சொன்னால் பொறுமை கிடையாது. ஒரு காற்றுக் குமிழ் எழும்பினால் போதும், மொத்தத்தையும் கிழித்துச் சுருட்டி எறிந்துவிடுவேன். அவருக்குப் பொறுமை அதிகம். பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் சரிங்க சரிங்க என்று தலையாட்டுகிற பொறுமை அது. வந்த ஆளுக்கு "முடியாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையாட்டலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

தலைச்சோலைப் பக்கத்து ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், காபித் தோட்டம் கொஞ்சம் வைத்திருக்கிறவர். தம்பியும் அவரும் சேர்ந்து சேலத்தில் ஒரு பழைய லாரி எடுத்திருக்கிறார்களாம். கக்கத்திலிருந்து ஒரு நியூஸ் பேப்பரை எடுத்து மேசையில் விரித்தார். பேப்பரை வண்டி முகப்பில் வைத்து மேலே கரியால் தேய்த்திருந்தார். வட்டமாக, மேடும் பள்ளமுமாக, கம்பெனிக்காரன் நடுவில் பதித்து அனுப்பும் முத்திரைத் தகடு அச்சு அசலாக அதில் விழுந்திருந்தது. லாரிக்காரர்கள் அதை எம்ப்ளம் என்பார்கள். அந்தத் தகட்டின் வடிவத்துக்கே வட்டத்தைச் சிவப்பிலும் எழுத்தைத் தங்க நிறத்திலும் வெட்டி மேலே ஒட்டுவது அப்போதைய மோஸ்தர்.

"ஏனுங்க பாய், வண்டி மூஞ்சிக்கு ஒட்டோணுமுங்க. நொம்ப லட்சணமா வரோணும்."

"நாலு போல்ட்டுதானுங்களே அண்ணா," என்று நான் குறுக்கே புகுந்தேன். "கழட்டிக் கடைக்கே கொண்டாந்துருங்க. மேசை மேல வெச்சு, சூடு காட்டி, அழகா ஒட்டித் தந்தர்றோம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமில்லை, நான் எதையோ அபசகுனமாகச் சொல்லிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"மூஞ்சியக் கழட்டறதுங்களா? என்னுங்க பாயம்மா பேசறீங்க. மூஞ்சியக் கழட்டுன வண்டி பொணமுங்க."

பிறகு அவரே விளக்கினார். அவர்கள் குடும்பத்தில் வண்டி வாங்கினால் ஒரு முறை உண்டாம். வண்டியைக் குலசாமிக்கு முன்னால் கிழக்கே பார்த்து நிறுத்தவேண்டும். பூஜை நடக்கும்போது, நல்ல நேரத்துக்குள், கடைசி வேலையாக முகப்பு அலங்காரம் முடியவேண்டும். அதுதான் வண்டிக்குக் கண் திறப்பதாம். ஒட்டி முடியும்வரை வீட்டு ஆட்கள் யாரும் முன்பக்கம் வந்து பார்க்கக்கூடாது. முடிந்ததும் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அதன்மேல் ஏற்றி நசுக்கி எடுக்கவேண்டும். எலுமிச்சம்பழம் ஊர் உலகத்தில் எல்லோரும் வைப்பதுதான். கண் திறப்பு நான் கேள்விப்படாதது.

"சரிங்க," என்றார் என் வீட்டுக்காரர். வேறு என்ன சொல்வார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனோம். மெல்லிசான தங்க எழுத்தைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும் என்பதால் நானும் கூடப் போகவேண்டியிருந்தது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் அவர்கள் பூஜை முடிந்துவிடும், ஜும்ஆ தொழுகைக்குள் ஏற்காடு திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு தடம் இறங்கிப் போனது. அதன் முடிவில் ஒரு சின்னக் கோயில், கோயிலுக்கு முன்னால் கொஞ்சம் வெட்டவெளி. பனிக்குள் முதலில் தெரிந்தது லாரியின் பின்பக்கம். சுற்றி முன்னால் போய்ப் பார்த்தபோதுதான் அந்த வெட்டவெளி முழுக்கச் சரிவு என்பது தெரிந்தது. கிழக்குப் பக்கம்தான் பள்ளம். வண்டிக்கு முன்னால் சரிவு கொஞ்ச தூரம் போய் ஒரு கல்கட்டில் முடிந்தது. கல்கட்டு ஓரத்தில் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் ஒன்று. அதற்கு அப்புறம் வெறும் பனிதான் இருந்தது.

டிரைவர் சேலத்து ஆள், என் வயதுதான் இருக்கும். அவரிடம் ஹேண்ட் பிரேக் எப்படி என்று கேட்டேன்.

சிரித்தார். "பழைய வண்டிங்க அக்கா. ஹேண்ட் பிரேக்கெல்லாம் பேருக்குத்தான். கியர்ல போட்டிருக்கேன். முன் டயரு ரெண்டுக்கும் கல்லு குடுத்திருக்கு. ஆனை வந்து முட்டுனாலும் நகராதுங்க."

குனிந்து பார்த்தேன். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பாறாங்கல் இருந்தது. சரி, கியர் இருக்கிறது, கல் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் சோப்புத் தண்ணீரால் எம்ப்ளத்தைக் கழுவித் துடைத்தார். துடைத்த கையோடு மறுபடி வேர்த்தது. பனி அப்படி, தகடு முழுக்கப் பொடிப்பொடியாய் ஈரம். சிவப்பு வட்டத்தின் பின்தாளை உரித்து வைத்துப் பார்த்தார், ஓரம் சுருண்டு எழும்பியது. ஈரமும் குளிருமாக இருந்தால் பசை பிடிக்காது. மலைமேல் வேலை செய்தவர்களுக்கு இது பழகின தொல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கைச் செருகிவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் முகப்பு வெதுவெதுப்பாகும். ஒட்டி முடிக்கும்வரை ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது.

"கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி வுடுங்க," என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் ஏறி, கியரை எடுத்து நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் செய்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. நான் நம்பிக்கொண்டிருந்ததில் ஒன்று போய்விட்டது. இப்போது அந்த வண்டியைப் பிடித்திருப்பது இரண்டு கற்கள் மட்டும்தான்.

"மச்சான், வண்டியத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்க. மூஞ்சி மேட்டப் பார்த்து இருக்கட்டும்," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"கிழக்க பார்த்துதான் நிக்கோணுமாம் புள்ள."

"அப்ப நான் கேக்கறேன்."

"அவங்க சாமி காரியம். நாம அதுல வாய் வெக்கறது நல்லாருக்காது. டிரைவர் உள்ளதானே உக்கார்ந்திருக்கான், பிரேக்க மிதிச்சிட்டு. சும்மா இரு."

சும்மா இருந்தேன். அவர் சொன்னதும் தப்பில்லை. அவர்கள் ஊரில், அவர்கள் கோயிலில், முக்காடு போட்டுக்கொண்டு போய் உங்கள் சாமியைத் திருப்பி வையுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது.

சிவப்பு வட்டம் நன்றாகப் படிந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி எடுத்தார். குமிழ் வந்த இடத்தில் ஊசியால் ஒரு குத்து, கட்டை விரலால் ஒரு அழுத்து. அந்த வேலையில் இறங்கிவிட்டால் இடி விழுந்தாலும் அவருக்குக் காது கேட்காது. மூக்கு தகட்டில் முட்டுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். வண்டிக்குப் பின்னால் பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். இன்ஜின் சத்தமும் பம்பையும் சேர்ந்து, பக்கத்தில் நின்று பேசினாலே பாதிதான் விழுந்தது. ஊதுவத்திப் புகை பனிக்குள் கலைய மாட்டாமல் தொங்கியது. வீட்டு ஆட்கள் எல்லோரும் பின்பக்கம். முன்பக்கம் நாங்கள் இருவர் மட்டும்.

நேரம் நெருங்கியிருக்கவேண்டும். அண்ணன் தம்பியில் மூத்தவர், கடைக்கு வந்தவர், பின்னாலிருந்து டிரைவரைக் கூப்பிட்டார். திருஷ்டிப் பூசணியை வண்டி ஓட்டுகிறவன் கையால்தான் உடைக்கவேண்டுமாம். டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இன்ஜினை அணைக்காமல் இறங்கிப் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கற்கள் இருக்கின்றன, கற்கள் இருக்கின்றன என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அப்போது மூத்தவரின் தம்பி இடது பக்கமாக வந்தார். முன்பக்கம் பார்த்துவிடக்கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டே வந்து முன் சக்கரத்தடியில் குந்தினார். கையில் எலுமிச்சம்பழம். பழம் வைக்கவேண்டிய இடத்தில் பாறாங்கல் உட்கார்ந்திருந்தது. அவர் கல்லைப் புரட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பழத்தைப் பயபக்தியோடு வைத்தார். பிறகு எழுந்து, முன்பக்கம் வராமல், வண்டியைப் பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார்.

கத்தினேன். என் தொண்டை எப்படிப்பட்டது என்று ஏற்காட்டில் எங்கள் தெருவைக் கேட்டால் தெரியும். ஆனால் பம்பை அதை விழுங்கிவிட்டது. வலது பக்கம் கல் புரள்கிற சத்தம் கேட்டது.

வண்டி உடனே நகரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இன்றைக்கும் கனவில் எனக்கு வருவது அந்தக் கொஞ்ச நேரம்தான், அதற்குப் பிறகு நடந்தது அல்ல. என் கண் இடது சக்கரத்தடியில் இருந்த பழத்தின் மேல் இருந்தது. டயர் அசைவதே தெரியவில்லை. பழம் மட்டும் மெதுவாகச் சப்பையாகி, தோல் வெடித்து, சாறு மண்ணில் வழிந்தது. என் வீட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். இருவரும் காபிச் செடிக்குள் மல்லாந்து விழுந்தோம். லாரி எங்கள் காலோரமாக, அவசரமே இல்லாமல், இறங்கிப் போனது.

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். பழம் நசுங்கியதைப் பார்த்துவிட்டார்கள். நல்ல நேரத்தில் வண்டி புறப்பட்டுவிட்டது என்று சந்தோஷம். பம்பைக்காரர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள். ஸீட்டில் ஆள் இல்லை என்பது முதலில் டிரைவருக்குத்தான் உறைத்தது. இரண்டு கையிலும் பூசணிக்காயை ஏந்திக்கொண்டு, தன் வண்டி தானாகப் போவதைப் பேயறைந்த மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். லாரி கல்கட்டில் ஏறி, சில்வர் ஓக்கில் மோதி நின்றது. ஒரு ஹெட்லைட் உடைந்தது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

எழுந்து நின்று வீட்டுக்காரரைத் தடவித் தடவிப் பார்த்தேன். கை, கால், விலா எல்லாம் இருந்தன. முழங்கையில் சிராய்ப்பு. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் மூத்தவர் வந்துவிட்டார். வண்டியின் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். சிவப்பு வட்டம் ஒட்டியிருந்தது. தங்க எழுத்தில் பாதிதான் ஒட்டியிருந்தது, மீதிப் பாதி என் கையில் கசங்கிக் கிடந்தது.

"நல்ல நேரத்துல இப்புடிப் பண்ணிப்புட்டீங்களே பாயம்மா," என்றார். "கண்ணு தொறக்கற கையப் புடிச்சு இழுத்தீங்க. அதாலதானுங்க வண்டி தாறுமாறாப் போச்சு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கல்லை எடுத்தது யார் என்று கேட்கப் போனேன். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் கை கூப்பிவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க. பொம்பள, பயந்துட்டா."

சத்தியமாகச் சொல்கிறேன், லாரி என் மேலேயே ஏறியிருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"அத்தன பேர் முன்னால காலரப் புடிச்சு இழுக்கற. வண்டி மெதுவாத்தானே வந்துச்சு? ரெண்டு கையும் அது மேலதானே இருந்துச்சு. புடிச்சிருப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். நான் அவர் கைகளைப் பார்த்தேன். ஊசி பிடித்து, ரப்பர் பட்டை பிடித்து, விரல் நுனி வழவழப்பான கைகள். அதுவரை நான் பயந்தது அந்த லாரிக்கு. அந்த நிமிஷத்திலிருந்து இந்த மனிதருக்குப் பயந்தேன். மறுபடி கூப்பிட்டால் மறுபடி போய் அதே இடத்தில் நிற்பார். வண்டி நகர்ந்தால் விலக மாட்டார், பிடிக்கப் பார்ப்பார்.

கூப்பிடத்தான் செய்தார்கள். ஹெட்லைட் மாற்றி, பம்பரை நிமிர்த்தி, சில நாள் கழித்து மூத்தவர் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு கடைக்கு வந்தார். வண்டி இன்னும் வாடகைக்குப் போகவே இல்லையாம். பாதிக் கண் திறந்த வண்டியை எடுக்க வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. வேறு ஆளை வைத்து ஒட்டிக்கொள்ளலாமே என்றேன்.

"ஆவாதுங்க. தொட்ட கைதானுங்க முடிக்கோணும்."

"அப்பக் கழட்டிக் கொண்டாங்க."

"அதுதான் சொன்னனுங்களே."

"வண்டியவாச்சும் திருப்பி நிறுத்துங்க."

"கெழக்கு எங்கிருக்குதோ அங்கதானுங்க பாக்கும்."

என் வீட்டுக்காரர் ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டே, "வர்றனுங்க, வெள்ளிக்கெழம வர்றேன்," என்றார்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். போகக்கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பாதியில் விட்டுவிட்டு வந்த வேலை, கைராசி கெட்டுப்போகும், மலைக்காரர் ஒருத்தர் சொன்னால் ஊரே கடைக்கு வராது என்று அவர் அடுக்கினார். அழுதும் பார்த்தேன். அத்தாவைச் சேலத்திலிருந்து வரவழைப்பேன் என்று மிரட்டியும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அவர் பையை எடுத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அதே வெட்டவெளி, அதே பனி. லாரி அதே இடத்தில், அதே மாதிரி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கற்கள் இரண்டு, போன தடவையைவிடக் கொஞ்சம் பெரியவை. சாக்கு செருகினார்கள், இன்ஜின் ஓடியது, டிரைவர் காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவரிடம் போய், "அண்ணா, என்ன ஆனாலும் எறங்காதீங்க," என்று சொல்லிவைத்தேன். தலையாட்டினார். தங்க எழுத்தைப் புதிதாக வெட்டிக் கொண்டுவந்திருந்தேன். வீட்டுக்காரர் மூக்கைத் தகட்டில் ஒட்டவைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்.

பம்பை ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து டிரைவருக்கு அழைப்பு வந்தது.

டிரைவர் என்னைப் பார்த்தார். "ஓட்டறவன் கையாலதான் ஒடைக்கோணுமாம் அக்கா. இந்தா வந்தர்றேன்," என்று சொல்லி இறங்கிவிட்டார். மூத்தவரின் தம்பி எலுமிச்சம்பழத்தோடு இடது பக்கம் வந்து குந்தினார். அவர்களைப் பொறுத்தவரை போன தடவை நடந்ததற்கும் கல்லுக்கும் சம்பந்தமே இல்லை. இழுத்தவள் நான், ஓடினது வண்டி, அவ்வளவுதான். அதனால் அதே காரியத்தை அதே மாதிரி செய்ய அவர் கை நீட்டினார்.

நான் போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முதுகு டயரில் பட்டது. சில்லிட்டிருந்தது.

"அக்கா, எந்திரிங்க. நேரமாவுதுங்க."

"கல்ல எடுக்கோணும்னா என்னையும் சேத்து எடுங்க."

அவர் முழித்தார். ஒரு பெண்ணைக் கை பிடித்து இழுக்கவா முடியும். ஒரு கல்லே போதும் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். எனக்கு அவர் போவது தெரிந்தது. எழுந்து ஓடிப்போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தால் இந்தக் கல்லை எடுப்பார்கள். உட்கார்ந்தே இருந்தேன். கலிமாவைச் சொல்லிக்கொண்டேன்.

வலது பக்கத்துக் கல் புரண்டது. லாரியின் கனம் மொத்தமும் என் பக்கம் சாய்ந்து வந்தது. டயர் என் முதுகை அழுத்தியது. எனக்குக் கீழே இருந்த கல் மண்ணை அரைத்துக்கொண்டு ஒரு விரல் தூரம் நகர்ந்தது. அந்த அரைபடுகிற சத்தம் எலும்பு வழியாகக் கேட்டது. வண்டி ஆடியதில் ரப்பர் பட்டை சறுக்கியிருக்கவேண்டும், என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏ புள்ள, அங்க எதுக்கு உக்கார்ந்திருக்க? எந்திரி. வண்டி நகர்ந்துச்சுன்னா என்னாகும்?"

"நீங்கதான் புடிச்சிருவீங்களே," என்றேன். "புடிங்க."

பிடிக்கத்தான் பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் முகப்பில் ஊன்றி, காலைப் பின்னால் உதைத்து, முழு மூச்சாகத் தள்ளினார். அவர் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. கல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அவர் செருப்பு மண்ணில் பின்னால் பின்னால் சறுக்கியது. அப்போது அவர் முகம் மாறியது. அந்த மாதிரி ஒரு முகத்தை அதற்கு முன்னும் நான் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அவர் கத்தினார். என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பம்பை நின்றுபோனது. டிரைவர் பூசணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறிப் பிரேக்கை மிதித்தார். முதுகிலிருந்து அழுத்தம் விலகியது. வீட்டுக்காரர் சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார். அவர் மேலேயே சாய்ந்தேன். கடைசி எழுத்தின் ஓரம் ஒட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மூத்தவர் வந்தார். இந்தத் தடவை கோபப்படவில்லை, கெஞ்சினார். "இன்னும் ஒரு ஓரந்தானுங்க பாய். நேரம் இருக்குதுங்க. ஒரு அழுத்து அழுத்தி வுட்டுருங்க, சாமி."

"முடியாதுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

பையை எடுக்கவில்லை. ரப்பர் பட்டையை எடுக்கவில்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு காபிச் செடிகளுக்கு நடுவே தடம் ஏறினார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. ரோட்டுக்கு வந்ததும் மைல் கல் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு உள்ளங்கையும் சிவந்து, தகட்டின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. அவற்றை என் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"புடிச்சிருக்க முடியாது, புள்ள," என்றார்.

"தெரியும்," என்றேன்.